எந்த மொழியில் கேட்கிறோம்?



இம்மண்டபத்தில் இன்று மூன்று தலைமுறையினர் கூடியிருக்கிறோம். எம்முள் மூத்தோர் ஆங்கில மூலம் கற்றனர். அடுத்து வந்த நாம் தாய்மொழி மூலம் கற்றோம். 2001இன் பின் ஆங்கில மூல வகுப்புகள் மீண்டும் வந்தன. ஆகவே நாம் ஒன்றுகூடும்போது எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கம் எழுவது இயல்பே.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், சிங்களத் தேர்ச்சி இல்லையென்று பதவி உயர்வை இழந்த தமிழ் உத்தியோகத்தர்கள் பலர். அந்தக் காயத்தால் எங்கள் வீடுகள் பலவற்றில் சிங்களம் திணிக்கப்பட்ட மொழியாகவே நின்றுவிட்டது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடைபெறும் இடங்களிலும் நாம் தமிழில் அல்லது ஆங்கிலத்தில் அரச அலுவல்களை ஆற்றிக்கொள்ளலாம்.

இந்த "அல்லது" என்ற சொல்லில்தான் எங்கள் பொறுப்பு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிங்களப் படிவத்தை நீட்டினால், படித்த நாங்கள் ஆங்கிலப் படிவத்தைக் கேட்டு வாங்குகிறோம். வேலை விரைவில் முடிகிறது. ஆனால் வரிசையில் எமக்குப் பின்னால் நிற்கும் தோட்டத்துத் தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரியும். துணிந்து கேட்கக்கூடியவர்கள் ஒருவரும் தமிழில் கேட்காவிட்டால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் தேவை என்பது அந்த அலுவலகத்துக்கு எப்படித் தெரியவரும்? எமக்கு அது வசதி. அவருக்கோ அது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்.

ஆங்கிலத்தைக் கைவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. ஆங்கில மூலம் விஞ்ஞானம் கற்கும் மாணவி, தான் கற்றதைத் தன் அம்மம்மாவுக்குத் தமிழில் விளக்கத் தெரிந்தவளாக வளரவேண்டும். சிங்களத்தையும் அவள் நன்றாகக் கற்கட்டும். கட்டாயத்துக்காகப் படிப்பது வேறு. அயல்வீட்டாரின் சுகதுக்கங்களில் பங்குகொள்ளப் படிப்பது வேறு. அதனால் அவளுடைய தமிழ் குறைந்துவிடாது.

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். சங்கத்தின் கடிதங்களும் கூட்டறிக்கைகளும் முதலில் தமிழில் அமையட்டும். வெளிநாட்டில் வாழும் சகோதரிகளின் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பிரதியும் இருக்கட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை, படிவம் நிரப்பத் தெரியாத தாய்மாருக்கு உதவ எம்மில் சிலர் பாடசாலையில் அமர்வோம். சிங்களம் நன்கறிந்த எமது அங்கத்தினர் உயர்தர மாணவிகளுக்குப் பேச்சுச் சிங்களம் கற்பிக்கட்டும்.

அடுத்த முறை அலுவலகப் படிக்கட்டில் ஏறும்போது, தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று முதலில் தமிழிலேயே கேட்போம்.