தாய்ப்பலகை மாறிய கணினி

இடிமின்னல் மிகுந்த ஓர் ஐப்பசிப் பிற்பகலிலே வீட்டுக் கணினியொன்று செயலற்றுப் போகின்றது. அதன் தாய்ப்பலகை பழுதாயிற்றெனக் கண்ட திருத்துநர் புதியதொன்றைப் பொருத்தி அனுப்புகின்றார். வீட்டார் ஆவலோடு ஆளியை அழுத்துகின்றனர். விசிறி சுழல்கின்றது, உற்பத்தியாளரின் சின்னம் தோன்றுகின்றது, அதன் கீழே புள்ளிகள் வட்டமிடத் தொடங்குகின்றன. அடுத்த கணமே நீலத்திரை! கணினி தானாகவே அணைந்து மீண்டும் எழுகின்றது. மீண்டும் அதே புள்ளிகள், அதே நீலத்திரை.

புதிய பலகையும் பழுதென்று வீட்டார் முடிவு கட்டுகின்றனர். வன்தட்டை முற்றாக அழித்துவிட்டு விண்டோஸை மறுபடியும் நிறுவினாற் சரியாகிவிடும் என்கின்றார் திருத்துநர். அந்த வன்தட்டிலேதான் மறைந்த தாயாரின் நிழற்படங்களும், கடையின் ஏழாண்டுக் கணக்கும், மகளின் பல்கலைக்கழக ஆய்வேடும் உள்ளன. அவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. அவசரப்பட்டு ஏற்கத்தக்க முடிவு இவ்விரண்டுள் ஒன்றுமன்று.

கணினியின் உறுப்புகள் யாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது தாய்ப்பலகை. விண்டோஸ் வன்தட்டிலே குடியிருப்பினும் அது பழகியது பழைய பலகையோடு. இருளிலும் உப்புச்சாடி இருக்குமிடம் அறிந்த சமையற்காரனை ஒரே இரவில் வேறோர் அடுக்களையில் விட்டது போன்றது அதன் நிலை. அவன் தடுமாறுவான், அதனால் அவனும் கெட்டவனல்லன், அடுக்களையும் கெட்டதன்று.

ஆகவே முதலிற் கேட்கவேண்டியது, கணினி எந்தக் கட்டத்திலே நின்றது என்பதே. திரையில் எதுவும் தோன்றுமுன்னரே நின்றுவிடின் விண்டோஸின்மீது பழி சுமத்துதல் வீண். அது இன்னும் விழிக்கவேயில்லை. மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிய பின்னர் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். தாய்ப்பலகைக்கு 24 ஊசிகள் கொண்ட பெரிய மின்செருகி ஒன்று உண்டு. அதைவிட, நுண்செயலிக்கென்றே 4 அல்லது 8 ஊசிகள் கொண்ட சிறிய செருகியும் தனியாக உண்டு. இந்தச் சிறியதை மறந்துவிடுதல் கைதேர்ந்தவர்க்கும் நேர்வது. விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். பெட்டியின் தளத்திலே பழைய பலகைக்கென நிறுத்திய உலோகத் தாங்கியொன்று புதிய பலகையின் துளையில்லாத இடத்திலே முட்டிக்கொண்டிருப்பின் அடிப்புறத்திலே குறுஞ்சுற்று ஏற்படலாம். சிறிது நேரம் ஓடி அணைந்துவிடுமாயின், நுண்செயலியின் மேலுள்ள குளிர்விப்பான் சரியாகப் படியவில்லையோ என ஐயுறல் தகும்.

நுண்செயலியையும் சேர்த்து மாற்றியோர் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்னும் தாங்கியிலே பல தலைமுறை நுண்செயலிகள் பொருந்தும். ஆயினும் பயோஸ் எனப்படும், பலகையிலேயே பதிந்துள்ள தொடக்க மென்பொருள் பழையதாயின், பின்னர் வந்த நுண்செயலியை அஃது இனங்காணாது. பொருந்துதல் வேறு, இனங்காணுதல் வேறு.

முதலிற் கூறிய வீட்டுக் கணினியின் நிலை இவற்றுள் ஒன்றுமன்று. புள்ளிகள் வட்டமிட்டன என்றாலே பலகையும் நுண்செயலியும் நினைவகமும் ஓரளவேனும் வேலை செய்தன என்பதும், விண்டோஸின் முற்பகுதி வன்தட்டிலிருந்து வாசிக்கப்பட்டது என்பதும் தெளிவு. அந்த முற்பகுதி பயோஸின் துணைகொண்டு வாசிக்கப்படுகின்றது. அதன்பின் விண்டோஸ் தன் சொந்த டிரைவர் மென்பொருளின் வழியாக வன்தட்டைப் பொறுப்பேற்றல் வேண்டும். அவ்விடத்திலேதான் இடறுகின்றது. வன்தட்டோடு பேசுதற்கு ஐ.டி.ஈ., ஏ.எச்.சி.ஐ., ரெயிட் எனப் பல முறைகள் உள. பழைய பலகை ஒரு முறையிலும் புதிய பலகை வேறொரு முறையிலும் அமைந்திருப்பின், தேவையான டிரைவர் தொடக்கத்திலே எழாது. தொடங்கும் சாதனத்தை அணுக இயலவில்லை என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரோ, பழைய பதிப்புகளில் 7பி என முடியும் குறியீடோ அத்திரையிற் காணப்படுமாயின் பெரும்பாலும் காரணம் இதுவே. 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 இதனால் மிகவும் துன்புற்றது. அண்மைப் பதிப்புகள் மாற்றத்தை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன.

பரிகாரம் எளிது. கணினி எழும்போதே டிலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயோஸினுட் புகுந்து, அம்முறையைப் பழைய பலகையில் இருந்தவாறே மாற்றிப் பார்க்கலாம். ரெயிட் தொகுதியைப் புதிதாக உருவாக்கும் கட்டளையை மட்டும் தொடலாகாது. அது உள்ளதை அழித்துவிடக்கூடும். இதற்கும் இணங்காவிடின் சேஃப் மோட் என்னும் பாதுகாப்பு நிலை உண்டு. விண்டோஸ் 10, 11 ஆகியன அடுத்தடுத்து எழமுடியாது வீழ்ந்தால் தாமாகவே மீட்புப் பக்கத்தைக் காட்டும். அங்கே தொடக்க அமைப்புகளைத் தெரிந்து 4 ஆம் எண்ணை அழுத்தினால் சேஃப் மோட் வரும். ஒருமுறை அதில் எழுந்த கணினி, மறுமுறை வழமைபோல எழுவது பலமுறை காணப்பட்டதே.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீட்டோடு வீழ்வதாயின் நினைவகத்தையே முதலில் ஐயுறல் வேண்டும். எக்ஸ்.எம்.பி. எனப்படும் வேகக்கூட்டலை நிறுத்திவிட்டு, ராம் தகடுகளை ஒவ்வொன்றாக இட்டுச் சோதித்தால் குற்றவாளி அகப்படும். இதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

இன்னொரு நீலத்திரை உண்டு. அது வீழ்ச்சியன்று, ஆயினும் எல்லாவற்றிலும் கொடியது. 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவுகோலை அது கேட்கும். பிட்லொக்கர் என்னும் ஏற்பாடு வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கி, அதன் திறவுகோலை டி.பி.எம். என்னும் காப்பகத்தின் பொறுப்பில் விடுகின்றது. அக்காப்பகம் தாய்ப்பலகையிலோ நுண்செயலியினுள்ளோ இருப்பது. பலகை போனால் காப்பகத்தின் துணையும் போயிற்று. 2024 இல் வெளிவந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நுழைந்த கணினிகள் பலவற்றிலே இம்மறைகுறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகின்றது. உரியவர்க்கே அது தெரியாது. திறவுகோல் பெரும்பாலும் அக்கணக்கிலே சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ அக்கணக்கினுட் சென்று பார்க்கலாம். அங்கும் இல்லையாயின் தாயாரின் நிழற்படங்களைத் திறக்க எந்தத் திருத்துநராலும் இயலாது. பலகை இன்னும் முற்றாகச் சாகாத கணினியாயின், அதைக் கழற்றுமுன்னரே அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

வன்தட்டை அழித்து நிறுவுதல் கடைசி வழி. அப்போதும் அதைக் கழற்றி வேறொரு கணினியோடு இணைத்து, உள்ளவற்றைப் பிரதிசெய்த பின்னரே அழித்தல் வேண்டும். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பிரதியெடாமலே அழிக்க முனையும் திருத்துநரைத் தடுத்து நிறுத்துதல் உரியவரின் கடன்.

விண்டோஸ் எழுந்தபின் உரிமம் செல்லாதென்னும் அறிவித்தல் வரலாம். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பழைய பலகையோடு கட்டுண்டது. தனியாக வாங்கியதை மாற்றிக்கொள்ள வழியுண்டு. அதனால் எந்தக் கோப்பும் அழியாது. இணையத் தளங்கள் பாதுகாப்பற்றவை என்று உலாவி முறையிடுமாயின் திரையின் மூலையிலுள்ள திகதியைப் பார்த்தல் நன்று. புதிய பலகையின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்தங்கி நிற்கக்கூடும். அதைத் திருத்தினால் தளங்கள் திறக்கும்.