வாள் பேசும் மொழி

(தூத்துக்குடியில் மாணவரிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாளில், கடலடியில் மூழ்கியவனுக்கும் படகின்மேல் கயிறு பிடித்து நின்றவனுக்கும் இடையே ஒரு பேச்சு நிகழ்ந்தது. அதற்கு வாயுமில்லை, ஒலியுமில்லை. மூழ்கியவன் கயிற்றை இழுத்தால், ‘தூக்கு’ என்பது பொருள். மேலிருந்தவன் அப் பொருளைத் தன் கையால் கேட்டான். கேளாது விட்டிருப்பின் ஓர் உயிர் மீண்டிராது. மொழி நாவில் மட்டும் வாழ்வதன்று என்பதை இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

வாட்போட்டி நடுவரின் பணியும் இத்தகையதே. ‘பாயில்’, ‘சேபர்’ எனப்பெறும் இருவகை வாட்போட்டிகளில், வாள் உடலில் பட்டவுடன் மின்விளக்கு எரியும். இருவர் வாளும் ஒருங்கே பட்டால் இரு விளக்கும் எரியும். தொட்டவர் யார் என்பதை விளக்குக் காட்டும். தொடும் உரிமை யாருக்கு இருந்தது என்பதை அது காட்டாது. அதனை முடிவு செய்பவர் நடுவரே. நொடிப்பொழுதில் நடந்து முடியும் அவ் வாள்மின்னலை அவர் எங்ஙனம் காண்கின்றார்?

உரையாடலாகக் காண்கின்றார்! முதலில் கைநீட்டித் தாக்கத் தொடங்கியவர் பேச்சைத் தொடங்கியவர், உரிமை அவருக்கு. எதிரி அவ் வாளைத் தன் வாளால் தடுத்துவிட்டால் பேச்சு அறுந்தது. இனிப் பேசும் உரிமை தடுத்தவருக்கு. தடுக்காமலே புகுந்து குத்துபவர், பிறர் பேச்சில் குறுக்கிடுபவரை ஒப்பர். தாக்கியவர் வாளும் பட்டுவிட்டால் குறுக்கிட்டவர் குத்து எண்ணப்படாது. இருவரும் ஒருங்கே தொடங்கினாலோ இருவர்க்கும் புள்ளியில்லை. இவ் வாள்நிகழ்ச்சித் தொடரைப் பிரெஞ்சியர் ‘பிராசு’ என்பர். சொற்றொடர் என்பதே அதன் பொருள். தடுத்தபின் திருப்பித் தாக்குவதை ‘இரிப்போசுட்டு’ என்பர். விடை எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்று வந்தது அது. அவர்கள் தம் வீட்டுப் பேச்சையே வாட்களத்திற்குச் சட்டமாக்கிக் கொண்டனர்.

நம் பிள்ளையோ அச் சொல்லின் ஓசையை மட்டும் உருப்போடுகின்றது. சொல் வந்தது, சொல்லின் உள்ளிருந்த உருவகம் வரவில்லை. நடுவர் எதிரியின் பக்கம் கைகாட்டும்போது, ‘நானும் தொட்டேனே!’ என்று பிள்ளை மயங்கி நிற்கின்றது. ‘மறுமொழி அவனுடையது’ என்று தமிழில் ஒரு சொல் சொன்னால் அம் மயக்கம் உண்டாகுமா?

இவ் வுருவகம் தமிழர்க்குப் புதிதா? ஐயனாரிதனார் செய்த புறப்பொருள் வெண்பாமாலையைத் திறந்து பாருங்கள். ஆநிரை கவர்தல் வெட்சி. அதனை மீட்டல் கரந்தை. மண்கொள்ளச் செல்லுதல் வஞ்சி. எதிர்நின்று காத்தல் காஞ்சி. மதிலை வளைத்தல் உழிஞை. மதிலைக் காத்தல் நொச்சி. இருவரும் ஒரு களத்தே பொருதல் தும்பை. வென்றோன் சூடுவது வாகை. செயலுக்கு ஒரு பூ. அதன் மறுசெயலுக்கு வேறொரு பூ! தொடுத்தவன் யார், மறுத்தவன் யார் என்பதைப் பூவே சொல்லிற்று. போரையும் வினாவிடையாகப் பகுத்துக் கண்ட இனத்துக்கா வாட்போட்டிச் சொற்கள் பஞ்சம்?

ஆற்றலிலும் நமக்குக் குறைவில்லை. தோக்கியோவில் 2021ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக்கு வாட்போட்டியில், இந்தியாவிலிருந்து முதன்முதலாகக் களம் புகுந்தவர் சென்னையைச் சேர்ந்த பவானிதேவி. சேபர் பிரிவில் முதற்போட்டியை 15-3 என வென்றார். அடுத்ததில் பிரெஞ்சுப் பெண் மானோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். அவரைப் பின்பற்றி வரும் பிள்ளைகட்கு நாம் கொடுக்கக் கூடியது என்ன?

உலகக் களத்தில் நடுவர் கட்டளை பிரெஞ்சிலேயே இருக்கட்டும். அஃது அக் களத்தின் நெறி. அதனையும் நம் பிள்ளைகள் கற்கட்டும். ஆனால், பாஞ்சாலங்குறிச்சிக்கு அணித்தான இம் மண்ணில் வாள் பழகும் பிள்ளைக்குத் தாக்கு, தடை, மறுமொழி, எதிர்மறுமொழி என்று தமிழிலேயே கற்பியுங்கள். கயிற்றின் ஓர் இழுப்பில் பொருள் கண்ட கை, வாளின் ஓர் அசைவிலும் பொருள் காணும். பொருளை உணர்ந்த கையே வெல்லும் கை!