நெஞ்சமே ஏடாக



வாயாற் சொன்னது காற்றோடு போகும், ஏட்டில் எழுதியதே நிலைக்கும் என்பர். ஆயின், எழுதிய ஏடே எழுதியவருக்கு யமனாகும் காலமும் உண்டு. ஸ்டாலின் ஆட்சியில் ரஷ்யா அத்தகைய காலத்தைக் கண்டது.

அன்னா அக்மதோவா 1889 ஆம் ஆண்டிற் பிறந்த ரஷ்யக் கவிஞர். அவருடைய முதற் கணவராயிருந்த கவிஞர் நிக்கொலாய் குமிலியோவ் 1921 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் லெவ் 1938 இல் சிறைப்பட்டார். 17 மாதங்கள் லெனின்கிராட் சிறை வாயில்களில் ஏனைத் தாய்மாரோடு அத்தாயும் வரிசையில் நின்றார். உதடு நீலம் பாரித்த பெண்ணொருத்தி, இக்காட்சியை எழுத இயலுமோ எனக் காதோடு வினவினாள். இயலும் என்றார் கவிஞர். அவ்வாக்கைக் காத்த நூலே ‘ரெக்குவியம்’ என்னும் இரங்கற்பாத் தொகுதி.

அதனை எங்ஙனம் காப்பது? வீட்டுச் சுவருக்கும் செவியுண்டென அஞ்சிய நாள்கள் அவை. தோழி லீதியா சுக்கோவ்ஸ்கயா வந்தால், கவிஞர் தேநீர் பற்றி உரக்கப் பேசியவாறே சில அடிகளைத் தாளில் எழுதி நீட்டுவார். தோழி ஓசையின்றிப் படித்து மனனஞ் செய்து திருப்பிக் கொடுப்பார். மறுகணம் அத்தாள் சாம்பலாகும். இவ்வாறு நம்பிக்கைக்குரிய சிலரின் நெஞ்சங்களே அந்நூலுக்கு ஏடாயின. அவர்களுள் ஒருவர் வாய்திறந்து காட்டிக்கொடுத்திருந்தால், கவிஞர் உயிருக்கே தீங்கு நேர்ந்திருக்கும். அனைவரும் மறந்திருந்தால் கவிதையே அழிந்திருக்கும்.

அவர் நண்பர் ஓசிப் மண்டெல்ஸ்டாம் ஸ்டாலினை எள்ளிப் பாடியமையால் 1934 இற் கைதானார். 1938 இல் விளாடிவொஸ்டொக் அருகேயுள்ள முகாமொன்றில் மாண்டார். அவருடைய பாடல்களை மனைவி நதேஷ்தா பல்லாண்டு நெஞ்சிற் சுமந்து காத்தார்.

ஓசையும் சந்தமும் செவிக்கு இன்பந் தருவன என்றே பலரும் எண்ணுவர். நினைவைப் பிணிக்கும் கயிறும் அவையே என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

‘ரெக்குவியம்’ 1963 இல் கவிஞரின் இசைவின்றி மியூனிக் நகரில் அச்சேறியது. 1966 இல் அவர் மறைந்தார். சொந்த நாட்டில் அந்நூல் வெளிவந்தது 1987 இலேயே. தமக்குச் சிலை எடுப்பதாயின் சிறை வாயிலில் நிறுத்துக என அதில் அவர் வேண்டியிருந்தார். 2006 இல், நேவா ஆற்றங்கரையில், கிரெஸ்தி சிறைக்கு எதிரே அவர் சிலை எழுந்தது. தடைவிதித்த ஆட்சி மறைந்தது. தாயின் குரல் நின்றது.