வீட்டுக்காரர் வரும் வேளை



வாடகை வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர்கள், வாடகை ஏறியதைப் பற்றியும் அட்வான்ஸ் திரும்பி வராததைப் பற்றியும் ஊரெல்லாம் கேட்கும்படி பேசுகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வெந்நீருக்குக் காத்திருக்கும் சமயத்தில், வீட்டுக்காரர் ஒரு புரோக்கரையும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு, "சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம்" என்றபடியே சமையலறை வரை வந்து, மேடையின் நீளத்தையும் அலமாரியின் ஆழத்தையும் பரிசோதித்துவிட்டுப் போனால், அவர் வீடு, அவர் வருகிறார், நாம் என்ன சொல்வது என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். சொல்வதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

சொந்தம் ஒருவருடையதாகவும் அனுபோகம் மற்றொருவருடையதாகவும் இருக்கக்கூடும் என்பது பழைய நியாயம். வாடகையைச் செலுத்தி ஒப்பந்தப்படி நடந்துகொள்ளும் குடித்தனக்காரர், குறித்த காலம் முடியும்வரை இடையூறின்றி அந்த வீட்டை அனுபவிக்கலாம் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு உறுதி கூறுகிறது. அதே பிரிவு, சொந்தக்காரரும் அவருடைய ஆட்களும் நியாயமான வேளைகளில் உள்ளே வந்து கட்டடத்தின் நிலைமையைப் பார்வையிடக் குடித்தனக்காரர் இடங்கொடுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. எது நியாயமான வேளை என்று மட்டும் அது சொல்லவில்லை. அதனால், வீட்டுக்காரருக்கு எப்போது ஒழிகிறதோ அதுவே நியாயமான வேளையாக நெடுங்காலம் நடந்து வந்தது.

இந்தக் குறையை, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பெரும்பாலும் நீக்கியிருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்து மூலமாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். என்ன காரணத்துக்காக, எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். காரணங்களும் அளவோடுதான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன: பழுது பார்ப்பது, வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது, இவை தவிர ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வேறு நியாயமான காரியம். புதிதாகக் குடிவர இருப்பவர்களுக்கு வீட்டைக் காட்டும் வைபவம் முதல் இரண்டில் அடங்காது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் அதற்குப் பாத்தியதை உண்டு. மேற்சொன்ன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் விஷயம் இங்கேதான் தீர்ந்துபோகிறது.

2021-இல் மத்திய அமைச்சரவை அங்கீகரித்த மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் ஒருவரும் நுழையலாகாது என்கிறது. வெள்ளம், தீ, புயல், பூகம்பம் போன்ற ஆபத்துகளில் மட்டும் முன்னறிவிப்பு வேண்டியதில்லை என்று விலக்கு அளிக்கிறது. இது வெறும் மாதிரிச் சட்டம்தான், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டு சட்டமாக்கினாலொழிய எவரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டுகிறவரிடம் எடுத்துச் சொல்லத் தக்க நல்ல உதாரணம்.

முன்னறிவிப்பு என்றவுடன் வக்கீல் நோட்டீசை நினைத்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. "வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, குளியலறைச் சுவரில் தண்ணீர் கசிவதைப் பார்க்கக் கொத்தனாருடன் வருகிறேன்" என்று தேதியிட்டு எழுதிய ஒரு துண்டுச் சீட்டு போதும். இத்தகைய சீட்டு கிடைத்த பிறகும் கதவைத் திறக்க மறுக்கும் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை. அந்த வேளை ஒத்துவராவிட்டால் வேறு வேளையைச் சொல்லிக் கேட்கலாமே தவிர, கசிகிற சுவரைக் காட்ட மாட்டேன் என்பதும், பிறகு அதே சுவருக்காக வாடகையைப் பிடித்துக்கொள்வதும் முறையாகா.

மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடம் இருப்பதில் தோஷமில்லை. வீட்டில் ஆளில்லாத நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் அதைப் போட்டுத் திறப்பதுதான் தோஷம். அப்படி நேர்ந்தால், சண்டைக்குப் போகாமல், நேர்ந்த தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு ஆட்சேபத்தை எழுத்திலேயே தெரிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விவகாரம் முற்றினால் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடமோ வாடகை நீதிமன்றத்திடமோ போக நேரும். அங்கே காகிதம்தான் பேசும்.

அடுத்த முறை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு, வாடகைத் தொகையையும் அட்வான்ஸையும் பார்த்த கையோடு, வீட்டுக்காரர் எந்தெந்தக் காரியத்துக்காக உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கும் ஷரத்தையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அப்படி ஒரு ஷரத்து இல்லாவிட்டால், எழுதச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.