எம்.எஸ்.கிருஷ்ணன்: நிலத்தடிச் செல்வம் யாருக்கு?

(ஹைதராபாத் ஹப்சிகுடாவில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த ஹப்சிகுடாவில் என்.ஜி.ஆர்.ஐ. என்றால் ஆட்டோ ஓட்டும் தொழிலாளர்கள் அனைவருக்கும் தெரியும். அந்தத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர், 1898இல் தஞ்சை மாவட்டம் மகாராஜபுரத்தில் பிறந்த எம்.எஸ்.கிருஷ்ணன். இங்கு வாழும் தமிழர்களிலேயே பலர் இதை அறியமாட்டார்கள். அவர் நம் இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். காலனி அரசிலும் பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவின் அரசிலும் பணியாற்றிய அதிகாரி. எனினும் அவரை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1851இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் உருவானது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அறிவியலின் மீது காதல் பிறந்ததால் அன்று. ரயிலுக்கும் நீராவிக் கப்பலுக்கும் நிலக்கரி தேவைப்பட்டது. 1880இல் அதில் சேர்ந்த பிரமதநாத் போஸ் கனிமத் தேடலில் பெயர் பெற்றவர். 1903இல் தன்னைவிட இளையவரான ஹாலண்ட் என்ற ஆங்கிலேயர் இயக்குநராக்கப்பட்டபோது அவர் பதவியைத் துறந்தார். மயூர்பஞ்சின் இரும்புத்தாது குறித்து அடுத்த ஆண்டு அவர் எழுதிய கடிதம் டாட்டாவின் உருக்காலைக்கு வழிகாட்டியது. ஓர் இந்தியர் அந்நிறுவனத்தின் தலைமைக்கு வர 1951 வரை, அதாவது முழுமையாக நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் இந்தியர்தான் கிருஷ்ணன்.

சென்னையிலும் லண்டனிலும் கற்று 1924இல் பணியில் சேர்ந்த அவர், இன்றைய ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் அடங்கும் கங்பூர் சமஸ்தானத்தை ஆராய்ந்தார். கையில் சுத்தியல், திசைகாட்டி, வரைபடம், இரவில் கூடாரம். புவியியலாளர்கள் அன்று இப்படித்தான் காடுகளைக் கால்நடையாக அளந்தார்கள். கங்பூர் பற்றிய அவரது அறிக்கை 1937இல் வெளியானது. வழிகாட்டிய ஆதிவாசிகளின் பெயர்களுக்கு அக்கால அறிக்கைகளில் இடமிருப்பதில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பின்னாளில் அதே மண்ணில்தான் பொதுத்துறையின் ரூர்கேலா உருக்காலை எழுந்தது. நிலம் இழந்தவர்களும் அதே ஆதிவாசிகள்தான்.

1943இல், உலகப் போரின் நடுவே, ‘இந்தியா மற்றும் பர்மாவின் புவியியல்’ என்ற ஆங்கில நூலை அவர் வெளியிட்டார். அதைப் பதிப்பித்தது சென்னையின் சட்ட இதழ் அலுவலகம் ஒன்று! எங்கள் மாணவப் பருவத்தில் அதைத் ‘தலையணை’ என்போம். தேர்வுக்கு முந்தைய இரவுகளில் அது அவ்வாறே பயன்பட்டதும் உண்டு. கேலி இருக்கட்டும். அரசு அலுவலக அலமாரிகளில் சிதறிக் கிடந்த ஒரு நூற்றாண்டின் ஆய்வுகளைத் திரட்டி, எந்தக் கல்லூரி மாணவரும் வாங்கிப் படிக்கும் நூலாக அவர் ஆக்கினார். என் கருத்தில், அவர் வகித்த பதவிகள் அனைத்தையும்விட இதுவே பெரிய பணி. அதன் ஐந்தாம் பதிப்பு 1968இல் வந்தது.

சென்னை மாகாணத்தின் கனிம வளம் பற்றிய அவரது தொகுப்பு 1951இல் வெளிவந்தது. அக்காலத்தின் எதிர்பார்ப்புகளை இன்றைய இளம் தோழர்கள் உணர வேண்டும். அரசின் துளையிடும் ஆய்வுகள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை உறுதிசெய்தன. 1956இல் பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் யூனியன் துணைநின்றது. நிலத்தடிச் செல்வம் நாட்டின் பொதுச் சொத்து என்பது அன்று பெரும்பாலோர் ஏற்ற கருத்து.

அறுபது வயதைக் கடந்த பிறகுதான் கிருஷ்ணன் ஹைதராபாத்துக்கு வந்தார். கருவிகளைக் கொண்டு, தோண்டாமலேயே நிலத்தின் ஆழத்தை அறியும் புதிய துறைக்கு அடித்தளமிட்டார். 1967இல் கொய்னா நிலநடுக்கம் நிகழ்ந்தபின், அணையில் தேங்கும் நீருக்கும் நில அதிர்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதில் இந்நிறுவனம் உலக அளவில் பெயர் பெற்றது. பத்மபூஷண் விருது அளிக்கப்பட்ட 1970ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

அவர் காலத்தில் அரசுச் செலவில் திரட்டப்பட்ட அறிவு இன்று என்ன ஆகிறது? 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு ஏலமுறை வந்தது. 2023இன் திருத்தம் 29 கனிமங்களுக்கான தேடலையே தனியாருக்குத் திறந்துவிட்டது. மதுரை மேலூர் அருகே நாயக்கர்பட்டித் தொகுதியில் டங்ஸ்டன் இருப்பதைக் கண்டறிந்தது கிருஷ்ணன் தலைமை வகித்த அதே நிறுவனம். 2024 நவம்பரில் ஏலத்தில் வென்றது வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியும் அத்தொகுதிக்குள் அடங்கியிருந்தது. 2025 ஜனவரியில் விவசாயிகள் மேலூரிலிருந்து மதுரைக்கு அணிதிரண்டு நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பாறையின் வயதையும் தாதுவின் தரத்தையும் துல்லியமாகச் சொல்லும் அறிக்கையில், அப்பாறையின் மேல் உழுது வாழும் குடும்பங்களுக்கு இடமளிப்பது எப்படி? கங்பூரிலும் இக்கேள்வி எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. ஆய்வு நிறுவனங்களில் பணியாற்றும் தோழர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறார்கள். இதைப் பற்றி அடுத்து அவர்கள் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.