பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் உதிரிப்பாகத்தை விசாரியுங்கள்



சென்ற மாதம் லிவர்மோரில் இருந்து ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். வருமான வரி பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"அண்ணை, மகன் இரண்டு வருசமாய் பகுதிநேர வேலை செய்து 9,000 டொலர் சேர்த்து வைச்சிருக்கிறான். இப்ப 8,500 டொலருக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறானாம். நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ."

மகன் தொலைபேசியை வாங்கினார். "அங்கிள், 1991ஆம் ஆண்டு ஜப்பான் கார். இரட்டை டேர்போ. ஒரு கீறல் கூட இல்லை" என்றார். நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, அந்தக் காருக்கு ஒரு சாமான் உடைந்தால் எங்கே வாங்குவீர்கள்?" அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை. அவருக்கு அன்று சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய காரைப் பற்றி எங்கள் சமூகத்துக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அந்தக் காலத்திலும் ஒஸ்ரின் ஏ-40 களும், மொறிஸ் மைனர்களும், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் வீதியில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கார்கள்தான் போயின.

அவை ஓடியதற்குக் காரணங்கள் இருந்தன. அந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. ஆகவே மட்டமான எரிபொருளையும் ஓரளவு தாங்கின. கணினி கிடையாது. காபுரேற்றரையும் டிஸ்ரிபியூற்றரையும் ஒரு ஸ்குரூ டிரைவரோடு கழற்றிப் பூட்டலாம். காஸ்கற் கிழிந்தால் தடித்த மட்டையில் வெட்டினார்கள். புஷ் தேய்ந்தால் லேத் மெசின்காரர் கடைந்து கொடுத்தார். ஒரு காரின் சாமான் இன்னொரு காருக்குப் பொருந்தியது. ஒன்று இல்லாவிட்டால் அதன் இடத்தில் இன்னொன்றை வைக்க முடிந்தது என்பதுதான் முக்கியமான விசயம்.

இனி ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போது பகுதி விசாரிப்பார்கள் அல்லவா? ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதைச் செய்ய வேண்டும். அதன் எஞ்சின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது, மொறிஸ் மைனர் 1000 இல் இருந்த அதே 948 சிசி எஞ்சின். இரண்டு காபுரேற்றர் பூட்டிக் கொஞ்சம் வேகம் கூட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜி-பி காரின் 1,798 சிசி எஞ்சின், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கும் போட்ட எஞ்சினின் பெரிய தம்பி. அந்த ஒக்ஸ்போட்டின் வழியில் வந்த அம்பாசிடர் இந்தியாவில் 2014 வரை தயாரானது.

எம்ஜி-பி வகையில் ஐந்து இலட்சத்துக்கு மேல் தயாரானது. அவற்றில் பெரும்பகுதி இந்த நாட்டுக்கே வந்தது. ஆகவே 1948இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த மொஸ் மோட்டோர்ஸ் போன்ற நிறுவனங்கள் இன்றும் அதற்குப் புதிய உதிரிப்பாகம் விற்கின்றன. பிரித்தானியாவில் 1988 முதல் எம்ஜி-பிக்கு முழு உடற்கூட்டையே புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கார் பழுதாகாது என்று நான் சொல்லவில்லை. துருவும் மின்வயர்ப் பிரச்சினையும் அதற்குப் பேர் போனவை. ஆனால் பழுதானால் சாமான் வரும்.

ஜப்பான் கார்களிலும் இதே கதைதான். முதலாவது ரொயோட்டா எம்ஆர்-2, கொரோலாவில் இருந்த எஞ்சின் வகையோடு வந்தது. 1989இல் வந்த மஸ்டா மியாட்டாவின் எஞ்சினுக்கு மஸ்டா 323 சொந்தம். மியாட்டா 2016இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது. அதன் முதற்தலைமுறைக்கு 2017 முதல் மஸ்டா நிறுவனமே சில சாமான்களை மீண்டும் தயாரிக்கிறது. நிசான் தனது ஸ்கைலைன் ஜிரி-ஆருக்கும், ரொயோட்டா தனது பழைய சுப்ராவுக்கும் இவ்வாறே செய்தன. ஆனால் இவை விதிவிலக்கு. மிகக் குறைந்த எண்ணிக்கையில் விற்று, தனக்கென்றே எஞ்சினும் கணினியும் கொண்டிருந்த கார்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எஞ்சின் சாமான் கிடைத்தாலும், முன் கண்ணாடி, கதவு றப்பர், உள்ளிருக்கும் பிளாஸ்ரிக் கிடைக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2004இல் நானும் ஒன்று வாங்கினேன். 1980களின் கடைசியில் வந்த இரண்டு இருக்கைக் கார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மகனுக்கு அப்போது 16 வயது. இருவரும் சேர்ந்து சனிக்கிழமைகளில் திருத்தி ஓட்டலாம் என்பது எண்ணம். 4,200 டொலர் கொடுத்தேன். இரண்டாம் வருடம் ஸ்மொக் பரிசோதனையில் தோற்றது. கராஜில் முதலில் ஒக்சிசன் சென்சர் மாற்றினார்கள். பிறகு வேறு இரண்டு சாமான். கடைசியில்தான் எஞ்சினுக்குப் போகும் காற்றை அளக்கும் மானி பழுது என்று கண்டார்கள். அந்த மானியை நிறுவனம் தயாரிப்பதை நிறுத்தி விட்டது. கார் உடைக்கும் இடங்களில் இருந்து இரண்டு எடுத்தேன். இரண்டும் எங்களுடையதைப் போலவே களைத்துப் போனவை.

யாழ்ப்பாணமாக இருந்திருந்தால் எங்கள் ஒழுங்கை மெக்கானிக் வேறு எதையாவது வைத்து ஓட வைத்திருப்பார். இங்கே அது முடியாது. கலிபோர்னியாவில் 1976ஆம் ஆண்டு மாதிரி முதல் உள்ள பெற்றோல் கார்களுக்கு ஸ்மொக் பரிசோதனை உண்டு. புகையை மட்டும் பார்ப்பதில்லை, சாமான்களையும் கண்ணால் பார்ப்பார்கள். மாநிலம் அங்கீகரிக்காத மாற்றுச் சாமான் இருந்தால் தோல்விதான். கட்டலிற்றிக் கொன்வேட்டர் கூட கலிபோர்னியா அங்கீகாரம் உள்ளதாக இருக்க வேண்டும். மற்ற மாநிலத்து மலிவுச் சாமான் உதவாது.

ஓடாத வாகனம் என்று பதிந்து, படங்குத் துணியால் மூடி, 14 மாதம் வீட்டு முன்றலில் வைத்திருந்தேன். செலவு 3,650 டொலர். கடைசியில் 600 டொலருக்கு உடைப்பவரிடம் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால் நட்டம் 7,250 டொலர். அதற்குள் மகன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் பல்கலைக்கழகம் போய்விட்டான். பணத்தை எப்படியோ ஈடு செய்தேன். அந்தச் சனிக்கிழமைகளை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஆகவே வாங்கப் போகும் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, காரைப் பார்க்கப் போகுமுன் ஒரு தாளில் பத்துச் சாமான் எழுதுங்கள். கிளட்ச், பிறேக் சிலிண்டர், தண்ணீர்ப் பம்ப், றேடியேற்றர், டைமிங் பெல்ட், இக்னிசன் சாமான், காற்று மானி, எஞ்சின் கணினி, கட்டலிற்றிக் கொன்வேட்டர், முன் கண்ணாடி. பக்கத்தில் மூன்று நிரல் போடுங்கள்: புதியது கிடைக்கும், வேறு நிறுவனம் செய்தது கிடைக்கும், பழையது மட்டும் கிடைக்கும். முகவர் நிலையத்தின் உதிரிப்பாகப் பகுதிக்கு அழைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூன்றாம் நிரலில் மூன்றுக்கு மேல் விழுந்தால் அந்தக் காரைப் பார்க்கவே போகாதீர்கள். பார்த்தால் மனம் இளகிவிடும்.

இரண்டாவது, திருத்துபவரைக் கண்டுபிடியுங்கள். சாமான் வந்தாலும் பூட்டத் தெரிந்தவர் வேண்டும். வாங்குமுன் அவரிடமே காசு கொடுத்துப் பரிசோதியுங்கள். தனியாரிடம் வாங்கும் பழைய கார் பெரும்பாலும் இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது. பிறகு முறையிட இடமில்லை.

மூன்றாவது, வாகன இலக்கத்தைக் கொடுத்தால் மாநிலத்தின் வாகனத் திருத்தப் பணியகத்தின் இணையத்தளத்தில் பழைய ஸ்மொக் முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். விற்கும்போது ஸ்மொக் சான்றிதழ் தரவேண்டியது விற்பவரின் கடமை. அது 90 நாளுக்குத்தான் செல்லும். "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், 500 டொலர் குறைக்கிறேன்" என்றால் வந்த வழியே திரும்புங்கள். 1975ஆம் ஆண்டு மாதிரியும் அதற்கு முந்தியவையும் இந்தப் பரிசோதனைக்கு உட்பட்டவை அல்ல.

நான்காவது, ஜப்பானில் இருந்து நேரே இறக்கிய வலப்பக்க ஸ்டியரிங் கார்கள். 25 வருடம் கடந்தால் மத்திய அரசின் பாதுகாப்பு விதி தடுக்காது. ஆனால் கலிபோர்னியாவின் புகை விதி வேறு. இங்கே ஏற்கெனவே பதியப்பட்ட ஆவணத்தைக் கண்ணால் காணாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

ஐந்தாவது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி உயிர்க்கிறது என்று பாருங்கள். பிறகு லிவர்மோர் வெயிலில், மத்தியானத்தில், 580 நெடுஞ்சாலையின் அல்ரமொன்ற் ஏற்றத்தில் ஓட்டுங்கள். வெப்பமானியின் முள் ஏறாவிட்டால் நல்ல சகுனம். மைன்ஸ் வீதி வளைவுகள் அழகுதான், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகத்தான் விலை. கணக்காளனாக என் விதி இது: காரின் விலையில் பாதியைத் தொடாமல் கையில் வைத்திருக்க வேண்டும். தனியாரிடம் வாங்கினாலும் பதியும்போது வரி கட்டவேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 9,000 டொலர் உள்ளவர் 6,000 டொலருக்குள் பார்க்க வேண்டும். 8,500 டொலர்க் காரை வாங்கினால், ஒரு கிளட்ச் போனாலே அது முன்றலில் நிற்கும். வேலைக்குப் போக ஒரு சாதாரண கொரோலா வீட்டில் இருப்பதும் அவசியம்.

சென்ற கிழமை அந்தத் தம்பி மீண்டும் அழைத்தார். பத்துச் சாமானில் ஐந்து மூன்றாம் நிரலில் விழுந்ததாம். "கவலையாய்த்தான் இருக்குது அங்கிள்" என்றார். இப்போது ஒரு மியாட்டாவுக்கும் 1974ஆம் ஆண்டு எம்ஜி-பி ஒன்றுக்கும் தாள் நிரப்பிக்கொண்டிருக்கிறாராம். எம்ஜி-பி எஞ்சினின் படத்தைத் தாயார் வட்சப்பில் ஊரிலுள்ள தன் தமையனுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் ஊரில் கேம்பிறிட்ஜ் ஓட்டியவர். "இதை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரியும்" என்று பதில் வந்ததாம்.

அந்த வீட்டில் மாமனும் மருமகனும் கதைப்பதற்கு ஒரு விசயம் கிடைத்துவிட்டது. கார் மெதுவாக வரட்டும்.

அடுத்த மாதம் வீட்டுக் காப்புறுதி பற்றிய ஒரு பேச்சோடு சந்திக்கிறேன்.