ஐஸ் பெட்டியில் இறங்கி வந்த ரத்தம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"லேப் வேலையைப் பத்தி பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். பெருமையாக நாலு விஷயம் சொல்லலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தால், முதலில் ஞாபகம் வந்தது நான் செய்த ஒரு தப்பு. அதையே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். அப்போதெல்லாம் ஆட்டோ அனலைசர் பெரிய ஊர் சமாசாரம். எங்களுக்கு கலரிமீட்டர், ஒரு ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர், தண்ணீர் கொதிக்க ஒரு பாத்திரம், அவ்வளவுதான். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவோம். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் நானே அடிப்பேன். சர்க்கரைக்கு ஆர்த்தோ டொலுடீன்; கொதிக்க வைத்தால் பச்சை நிறம் வரும், அசிட்டிக் ஆசிட் நெடி சட்டையை விட்டுப் போகாது. கிரியாட்டினினுக்கு யாஃபே முறை. 1886ல் அவர் கண்டது, பிக்ரிக் அமிலத்தில் ஆரஞ்சு நிறம். அந்தப் பரிசோதனை செய்த நாளில் விரலெல்லாம் மஞ்சள், கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி.

நிறத்தைப் பார்த்தே அளவைச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஸ்டாண்டர்டு சரியாக வரும், கன்ட்ரோல் சரியாக வரும். வேறென்ன வேண்டும்?

ஜமுனாமரத்தூர் பக்கம் மலைக்கிராமங்களில் வாரம் ஒரு நாள் மருத்துவ முகாம் நடக்கும். அங்கே மாலையில் எடுக்கும் ரத்தம் மறுநாள் காலையில்தான் ஜீப்பில் எங்களிடம் வரும். கொண்டை ஊசி வளைவு, மழை வந்தால் மண் சரிவு. அதே மலையின் இன்னொரு பக்கம் காவலூரில் 1986ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குழாய் ரத்தத்தைக் கீழே சேர்க்கத்தான் எங்களுக்கு ஒரு ராத்திரி ஆனது.

ஒரு மாதம் ஃப்ளோரைடு குழாய் தீர்ந்துவிட்டது. சாதாரணக் குழாயில் வந்த ரத்தத்தில் சர்க்கரை முப்பது, நாற்பது என்று காட்டியது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும்; சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஃப்ளோரைடு அதைத் தடுக்கும், அதுவும் போட்ட உடனே அல்ல, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் முழுதாக. ஃப்ளோரைடு இல்லாததற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாக் குழாயையும் எடுத்த உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள் என்று மேலே சொல்லி அனுப்பினேன். சர்க்கரை சரியானது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை சாப்பிட்டு வந்த ஒரு பெரியவரின் ரத்தம் வந்தது. பொட்டாசியம் கேட்டிருந்தார்கள். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது, 6.9 காட்டியது. ரத்த அணு உடைந்திருந்தால் பொட்டாசியம் ஏறும் என்று படித்திருக்கிறோமே, சீரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளி சிவப்பு இல்லை, வைக்கோல் நிறம். ஃப்ளேமை மறுபடி சரி செய்து மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதே 6.9. ரிப்போர்ட் எழுதி ஜீப் டிரைவர் கையில் கொடுத்துவிட்டேன்.

பொட்டாசியம் அவ்வளவு என்றால் இதயம் நின்றுவிடலாம். மேலே இருந்த டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்தார், உடனே கீழே அனுப்பினார். மகன் இரண்டு ஆடுகளை விற்று வண்டி பிடித்து வந்து சேர்ந்தான். இ.சி.ஜி. சுத்தம். புதிதாக ரத்தம் எடுத்துப் போட்டோம், 4.4.

பெரியவரிடம் "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கீங்க" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "அப்ப மேல எடுத்த ரத்தம் யாருதுங்க?" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் சீனியர் அக்கா ஒன்றும் திட்டவில்லை. "அன்னிக்கு மலையிலிருந்து வந்த மத்த சீரம் ஃபிரிட்ஜ்ல இருக்கில்ல, எல்லாத்துக்கும் பொட்டாசியம் போடு" என்றார். நான்கு பேருடையது இருந்தது. நான்கும் 6க்கு மேல். "ஏம்பா, மலையில இருக்கிற எல்லாருக்குமா கிட்னி போச்சு?" என்று கேட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார்.

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியில் இருப்பதைவிட இருபது மடங்குக்கும் அதிகம். அதை உள்ளேயே வைத்திருப்பது செல் சவ்வில் உள்ள பம்ப். குளிரில் அந்த பம்ப் படுத்துவிடும். அணு உடையாமலேயே பொட்டாசியம் மட்டும் கசியும். சீரம் சிவக்காது, ஆகவே நம் கண்ணுக்கும் தெரியாது. சர்க்கரையைக் காப்பாற்றிய ஐஸ்தான் பொட்டாசியத்தைக் கெடுத்தது. இன்றைய அனலைசர்கள் சீரம் சிவந்திருந்தால் தாமாகவே எச்சரிக்கும். இதைக் காட்டிக்கொடுக்காது தம்பிகளா, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

போகிற போக்கில் இன்னும் இரண்டு. நரம்பு கிடைக்கவில்லை என்று கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் பொட்டாசியம் ஏறும். ஈ.டி.டி.ஏ. குழாயில் மிஞ்சியதைச் சாதாரணக் குழாயில் ஊற்றினால் பொட்டாசியம் ஏறி, கால்சியம் தரைமட்டமாகும். இரண்டும் சேர்ந்து வந்தால் நோயாளியைச் சந்தேகப்படாதீர்கள், குழாயைச் சந்தேகப்படுங்கள்.

பிறகு என்ன செய்தோம்? கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் ஒன்றை மலைக்கு அனுப்பினோம். ரத்தம் அரை மணி உறையட்டும், சுற்று, சீரத்தைப் பிரி, அதற்கப்புறம் ஐஸ். முகாமில் வேலை செய்த மலைக்கிராமத்துப் பெண் ஒருவர் அதை ஒரே நாளில் பழகிவிட்டார். கேழ்வரகு மாவுக்குக் கல் சுற்றிப் பழகிய கை, ஆட்டம் அசைவே இல்லை. எனக்கு மூன்று நாள் ஆனது. சீட்டில் எடுத்த நேரம், பிரித்த நேரம் இரண்டும் எழுதாமல் வந்தால் பொட்டாசியம் போடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். டாக்டர்கள் கோபித்துக்கொண்டார்கள். நாங்கள் மாற்றவில்லை.

ஆடு விற்ற பணத்தை அந்தப் பையனுக்குத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரியில் வழியில்லை. நான் வண்டிக்கூலியைக் கொடுத்தேன். ஆடு போனது போனதுதான்.

அந்தச் சென்ட்ரிஃப்யூஜ் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பல் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. இன்று கொண்டுவந்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போவதற்கு முன் சுற்றிப் பாருங்கள். எதிரெதிர்க் குழாய்களில் தண்ணீர் சமமாக ஊற்றிவிட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் மேஜையோடு நகரும்.